கல்யாணக் காரின் ஐந்து குழாய்கள்

கோயில் வாசலில் நிற்கும் சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பிரேக் பிடித்துப் பார்த்த பிறகுதான் உடையப்பன் உள்ளே வந்து சாமி கும்பிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், என் சைக்கிளில் தேய்ந்து கிடந்த பிரேக் கட்டைகள் புதிதாக இருந்தன. பிடியில் இருந்த கறுப்பு விரல் தடம்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தது.

மலேசியாவில், கோல சிலாங்கூர் போகும் சாலையில், புக்கிட் ரோத்தானில் அவர் பட்டறை. அதன் முன்புறம் மனைவி நாகமணி பூக்கட்டி விற்கிறார். உடையப்பன் கைக்கு வருவதெல்லாம் தோட்டத்து லோரியும் டிராக்டரும்தான். நட்டுகளோடு பேசுவார். "வா ராசா, வீம்பு பண்ணாத" என்பார். வரவில்லையென்றால் கோபமில்லை; எண்ணெய் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

சென்ற மாதம் தேவதாஸின் கல்யாணக் கார் அங்கே வந்து நின்றது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பெரிய கார். தோட்டத்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார்; அவர் வீட்டுச் சோறு அதில்தான். மழையில் சக்கரம் வழுக்காதபடி பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கவைக்கும் ஏ.பி.எஸ். மாடுலேட்டர் என்ற பெட்டி ஒழுகிவிட்டது. கிள்ளானில் அடிபட்ட கார் ஒன்றிலிருந்து நல்ல பெட்டி கிடைத்தது. பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. ஐந்து பிரேக் குழாய்கள் அதில் வந்து சேர்கின்றன. எல்லாம் கடற்காற்றில் துருவேறியவை. ஒன்று முறிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குக் கார் போகாது.

"டிராக்டர்காரன் கையில குடுத்திட்டியேன்னு வீட்டுல ஏசுறா லா," என்றார் தேவதாஸ்.

"ஏசட்டும். நீ அந்தப் பக்கம் போய் ஒக்காரு. ஒன் மூச்சு பட்டாலே நட்டு இறுகுது."

நட்டுகளை நன்றாக எண்ணெயில் ஊறவைத்தார். ஒவ்வொன்றையும் முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்தினார். ஐந்து குழாயும் முறியாமல் வந்தன. பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வெளியே வைத்தார். திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எந்தக் குழாய் எந்தத் துளைக்கு என்று தெரிய, நிறத்துக்கு ஒன்றாக நூல் கட்டச் சொல்லியிருந்தார். நாகமணிதான் கட்டினார். ஒழுகிய பிரேக் எண்ணெயில் சாயம் கரைந்து, ஐந்தும் ஒரே அழுக்கு நிறம். குழாய் மாறினால் பிரேக் தப்பான சக்கரத்தைப் பிடிக்கும். தேவதாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நாகமணி பூக்கூடையோடு எட்டிப் பார்த்தார். "சாயம் போவும்னு தெரியாதா? தண்ணி தெளிக்கிற பூமாலையில தெனம் பாக்குறேன். முடிச்சத் தடவிப் பாருங்க. எடது பக்கத்துலேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்கேன்."

சொல்லி வைத்த மாலைகளை ஆள் மாறாமல் கொடுக்க அவர் நூல் நுனியில் போடும் முடிச்சுகள் அவை. உடையப்பன் கண்ணை மூடி விரலால் தடவினார். முகம் மலர்ந்தது.

கிள்ளான் பெட்டியை மாட்டி, மழை நனைத்த தோட்டத்துச் சாலையில் வேகமாக ஓட்டிப்போய் ஓங்கி மிதித்தார். கார் கோணாமல் வழுக்காமல் நின்றது. தேவதாஸ் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அது மாலை போட்டுக்கொண்டு மணப்பெண்ணோடு போனதை ஊரே பார்த்தது.

நேற்று பட்டறைப் பக்கம் போனேன். கிளம்பும்போது, "ஒங்க பேருக்கு ஓர் அர்ச்சனை பண்ணப் போறேன்," என்றேன்.

உடையப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எனக்கு வேணாங்க்கா. நாகமணி பேருக்குப் பண்ணுங்க. நட்சத்திரம்... இருங்க, கேட்டுட்டு வந்துர்றேன்."