எங்கள் கிருமிகள் படுத்துவிட்ட வாரம்

கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கிறவர்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்; எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புச் சேற்றையும் கழிவுநீரையும் சுத்தம் செய்கிற எங்களைப் பற்றி மூக்குக்குத்தான் தெரியும். நான் குடியிருப்பது தீவில், ஜார்ஜ் டவுனில். தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி எதிர்க்கரையிலுள்ள ஜுருவுக்குப் போகிறேன். அங்கே ஒரு ஆலைக்கு லாரியில் வரும் கழிவைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வீட்டுக்கு வரும்போது மனசை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருகிறவரா நீங்கள்? அப்படியானால் கேளுங்கள், நம்ம கதைதான்.

லிஃப்ட்

எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் எண்ணெய்ச் சேற்று வாடை தலைமுடியை விடாது. ஒருநாள் மாலை எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஏறினேன். கூட வந்த பக்கத்து வீட்டு சரோஜா அக்கா இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். சட்டென்று பொத்தானை அழுத்தி, மூன்றாவது மாடியிலேயே எல்லாரையும் இறங்கச் சொன்னார். 'அது நான்தான் அக்கா' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நடைபாதையே அதிரக் கத்திவிட்டார்: "கேஸ் லீக் ஆவுதுலா! யாரும் அடுப்பப் பத்த வைக்காதீங்க!"

அவசரக் கையெழுத்து

சேற்றைச் சூடாக்கிச் சுழற்றினால் எண்ணெய், தண்ணீர், மண் மூன்றும் தனித்தனியாகப் பிரியும். எண்ணெயை விற்றுவிடுவோம். மண்ணைக் காயவைத்து, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் புதைக்க அனுப்புவோம். தண்ணீரில் ஒட்டியிருக்கும் கடைசி எண்ணெயைத் தின்று தீர்ப்பவை, பெரிய தொட்டியில் நாங்கள் காற்று ஊதி வளர்க்கும் கிருமிகள். அவை தின்னாவிட்டால் ஆலை நின்றுவிடும்.

அதனால் வரும் ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு சோதனை. முதலாவதில் எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்போம். இரண்டாவதில், வந்த தண்ணீரை ஒரு புட்டி கிருமியோடு கலந்து, அவை பிழைக்கின்றனவா என்று ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். அன்று காலை வாசலில் ஏழு லாரிகள். முன்னால் நின்றது காதர் பாயின் லாரி. சூலியா தெருக்காரர், சொந்தமாக மூன்று டாங்கர் லாரி வைத்திருக்கிறவர். மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சாமான் வாங்கப் போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம். ஒரு மணி நேரம் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் நான் தயங்கியபோது, கழிவோடு வந்த தாளை நீட்டி அவர் சொன்னது இதுதான்: "எண்ணெத் தண்ணின்னு தாளுலயே போட்டிருக்கு தங்கச்சி. தாளு பொய் சொல்லுமா?"

வெள்ளை நுரை

மறுநாள் பெரிய தொட்டியில் பழுப்பு நுரை வெள்ளையாகியிருந்தது. நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. குழாய்களில் கிருமி பிடிக்காமல் இருக்க ஊற்றும் மருந்து, காதர் பாய் லாரியில் வந்த தண்ணீரில் கலந்திருந்தது எடுத்துவைத்த புட்டியைச் சோதித்ததும் தெரிந்தது.

ஆய்வுக்கூடத்துக்கும் தொட்டிக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. தாளின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் கையெழுத்து என்னுடையது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே வாசலை மூடி, தண்ணீர் வெளியே போகும் வால்வையும் பூட்டச் சொன்னார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ராஜு அண்ணன் பைராம் தோட்டத்தில் வளர்ந்தவர், நல்ல ஆஜானுபாகு. குமிழியிடும் தண்ணீரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "காத்து போய்க்கிட்டுதான் இருக்கு மாலா. மூச்சு விடத்தான் ஆளில்ல."

சீனி மூட்டை

தொட்டியைக் கழுவி, வேறொரு ஆலையிலிருந்து பீப்பாய்களில் கிருமி வாங்கி வந்து ஊற்றினோம். எண்ணெயைத் தின்னும் தெம்பு வரும்வரை அவற்றுக்குச் சீனிக் கரைசல் ஊட்ட வேண்டும். வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. சோறு வடிக்கும்போதே ராஜு அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எடுப்பதற்குள் நானே துண்டித்துவிட்டு, திரும்பவும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சீனி தீரப்போகிறது என்று செய்தி வந்தது. வீட்டுக்காரரைப் பசாருக்கு இழுத்துப் போய் இரண்டு மூட்டை வாங்கி, காரில் ஏற்றச் சொன்னேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார்: "என் கோப்பியில அரைக் கரண்டிக்கு மேல போடமாட்ட. அதுங்களுக்கு மட்டும் மூட்டையா?"

மழை

திங்கட்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. சுத்தம் செய்யாத தண்ணீரைத் தேக்கியிருந்த குளம் விறுவிறுவென்று ஏறியது. கரைக்கு ஒரு சாண்தான் பாக்கி. வால்வைத் திறந்தால் தண்ணீர் கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போகும். ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன் வளர்க்கும் கூண்டுகள். திறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் வால்வு மேலேயே இருந்தது.

வாசல் மூடி ஓட்டம் நின்ற கோபத்தில் நான்கு நாளாக என்னிடம் பேசாமல் இருந்த காதர் பாய்க்குப் போன் போட்டேன். "பாய், காலி லாரி இருக்கா?" என்றேன். காரணம்கூடக் கேட்கவில்லை. மூன்று லாரிகளோடு வந்தார். குளத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மூன்றும் எங்கள் முற்றத்திலேயே நின்றன. குளம் ஒரு முழம் இறங்கியது. நன்றி சொல்லப் போனேன். நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே தலையாட்டினார்: "என் லாரியில வந்த வினை தங்கச்சி. என் லாரியே சுமக்கட்டும்."

ஒரு சொட்டு

புதன்கிழமை காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் ஒரு புள்ளி நெளிந்தது. இன்னொன்று. கண்ணீர் மறைத்ததில் மூன்றாவதை எண்ண முடியவில்லை. ராஜு அண்ணனை இழுத்து வந்து பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தார். பிறகு மெல்ல ஆய்வுக்கூட வாசலுக்குப் போய், வெளியே நின்று கைதட்டத் தயாராக இருந்தவர்களிடம் உதட்டில் விரலை வைத்துச் சொன்னார்: "ஓடுதுலா, ஓடுது! தொட்டிக்கிட்ட யாரும் சத்தம் போடாதீங்க."

சாப்பாட்டுக்குப் பேர்போன இந்த ஊரில், கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் இன்றைக்குச் சாப்பிட்டனவா என்று தவித்துக்கொண்டு சிக்னலில் நிற்கிறவள் நான் ஒருத்திதான்.