ஆறு வயதுக்கு ஒரு ஜெர்சி

கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எப்போது என்று சொல்லவில்லை. ஹட்டனில் ஏஜென்சிக்காரர் என் பாஸ்போர்ட்டை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, "விசா வந்ததும் போன் பண்ணுவோம், ரெடியா இருங்க" என்றார். குவைத்தில் ஒரு வீட்டில் இரண்டு வருட வேலை. ரெடியாக இருப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. ஒன்றரை மாதம் நான் ரெடியாக இருந்தேன். அதைவிட நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்து பறிப்பது சுகம்.

காலையில் ஆள் எண்ணி வேலை கொடுக்கும் பெரட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். எந்த நிமிடமும் கிளம்பப்போகிறவளை நம்பி யார் செடி நிரை பிரித்துக் கொடுப்பார்கள்? பதினெட்டு வயதிலிருந்து இரண்டு கையும் செடிமேல் ஓடிப் பழகியவை. சும்மா இரு என்றால் அவற்றுக்குப் புரியவில்லை. கழுவின சட்டியை மறுபடி கழுவினேன். மடித்த துணியைப் பிரித்து மடித்தேன். என் வீட்டுக்காரர் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டு, "இந்தா புள்ள, அந்தச் சட்டிக்கு வாயிருந்தா அழுதுரும்" என்றார். அவர் தோட்டத்தில் தேயிலைச் செடி புதிதாகத் துளிர்க்கக் கவ்வாத்து வெட்டுகிறவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். அந்த நாட்களில் அதுவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குரோஷே பின்னல் எனக்கு வந்தது பயிற்சி வகுப்பில். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களை முதலில் சில நாட்கள் உட்காரவைத்து, வாஷிங் மெஷினை எப்படித் திருகுவது, கார்ப்பெட்டை எப்படித் துடைப்பது, அரபியில் நாலு வார்த்தை என்று சொல்லித்தருவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த சிங்கள அக்கா கினிகத்தேனைப் பக்கத்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்தது கடையில் பேரம் பேசும் சிங்களம். இடைவேளை வந்தால் பைக்குள்ளிருந்து நுனியில் கொக்கி வைத்த ஊசியையும் ஒரு நூல் உருண்டையையும் எடுத்துவிடுவார். நான் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில், இரண்டாம் நாள் ஊசியை என் கையில் வைத்துவிட்டார்.

முதலில் ஒரு சுருக்கு முடிச்சு. அதற்குள் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி உள்ளே இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் மறுபடி நூலை இழுத்தால் இன்னொன்று. இழுத்துக்கொண்டே போனால் சங்கிலி. குரோஷேயில் இருப்பதே இவ்வளவுதான். எங்கே குத்துவது, குத்துவதற்கு முன் நூலை ஊசியில் எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பதுதான் மீதிக் கதை.

கேட்க எளிது. என் சங்கிலிக்குள் ஊசி திரும்ப நுழையவே மாட்டேன் என்றது. விறகுக் கட்டைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கியிருந்தேன். அக்கா வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "தத வெடி, நங்கி" என்றார். ரொம்ப இறுக்கம், தங்கச்சி. நூலை என் இடது சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆட்காட்டி விரலுக்கு மேலே ஓடவிட்டுக் காட்டினார். சுண்டுவிரல் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். எனக்குப் பிடிக்க மட்டும்தான் வந்தது. போதாததற்குக் கொழுந்து பறித்து வெடித்த விரல் நுனியெல்லாம் நூலைக் கவ்விக் கவ்வி இழுத்தன. வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு உட்காருவேன். வகுப்பு முடிந்த அன்று அக்கா அந்த ஊசியை எனக்கே கொடுத்துவிட்டார். அவருக்கு அடுத்த வாரமே பயணம். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் கம்பளி நூல் என்று சொல்லி விற்றதில் சிவப்பில் நாலு உருண்டை வாங்கினேன். பழகுவதற்குச் சதுரமாக ஒரு துண்டு பின்னப் பார்த்தேன். ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது, அடுத்த வரிசையின் உயரத்துக்காக இரண்டு மூன்று சங்கிலி போட வேண்டும். அந்தச் சங்கிலியும் ஒரு தையல் என்று கணக்கு. மறுபடி அந்த ஓரத்துக்கு வரும்போது அதன் தலையிலும் ஊசியைக் குத்த வேண்டும். அவசரத்தில் நான் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஓரத்தில் ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து, சதுரம் முக்கோணமாக வந்து நின்றது. வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, "எந்தப் புள்ளைக்குக் கோமணம் இது?" என்றார். இழுத்துப் பிரித்துவிட்டேன். குரோஷேயில் ஒரு வசதி, நுனியைப் பிடித்து இழுத்தால் அரை நாள் வேலை அரை நிமிடத்தில் போய்விடும். என்னைப் போன்ற ஆளுக்கு அது நல்லதில்லை. பின்னியதைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

மகளுக்கு ஒரு ஜெர்சி பின்ன வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. நான் திரும்பும்போது ஐந்தரை தாண்டி, ஸ்கூலுக்குப் போக நிற்பாள். எங்களுக்குக் கிடைத்த காணித் துண்டில் சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நிற்கிற வீட்டுக்காகத்தான் இந்தப் பயணம். கூரையைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. அவள் என்னை மறந்துவிடுவாள் என்ற ஒரே பயம்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே ஒருத்தி இரண்டு வருடம் கழித்து வந்து பெட்டியைத் திறந்தபோது, அவள் பெற்ற பிள்ளை சித்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த ஆன்ட்டி எப்ப போவாங்க?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அதனால் இப்போதைய அளவுக்கு ஒன்று பின்ன எனக்குத் தோன்றவில்லை. வந்து இறங்கும் நாளில் அவள் போட்டுக்கொண்டு நிற்பதற்கு ஒன்று பின்ன வேண்டும். நான் இன்னும் பார்க்காத பிள்ளைக்கு.

அளவுக்கு எங்கே போவது? எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் என் நாத்தனார் இருக்கிறாள், வீட்டுக்காரரின் தங்கை. நான் போனால் மகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளும் அவள்தான். அவளுடைய மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு காலை அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பி நின்றபோது, ஒரு நூலை எடுத்து நெஞ்சைச் சுற்றி ஒரு முடிச்சு, தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு முடிச்சு, இடுப்புவரை ஒரு முடிச்சு போட்டுக்கொண்டேன். வெளியே பத்தடிக்கு அப்பால் மிஸ்ட் மூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. முடிச்சு போட்ட நூலை, லயத்துக்கெல்லாம் தண்ணீர் தேக்கிவைக்கும் தண்ணித் தாங்கிக்கு எடுத்துப் போனேன்.

எங்கள் லயத்துக்குள் சிக்னல் வராது. மேலே தண்ணித் தாங்கிப் பக்கம் போனால்தான் போனில் இரண்டு கோடு தெரியும். ஏஜென்சி எந்த நேரம் கூப்பிடுமோ என்று, ஒரு கல்லில் சாக்கை விரித்துக் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன். கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள், "என்னடி, தவமா? வரம் கெடச்சா எங்களுக்கும் சொல்லு" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ஜெர்சி அது. கழுத்தளவுக்குச் சங்கிலி போட்டு, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு தோள் என்று நாலாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிகிற நாலு மூலையிலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஓட்டையில் கூடுதலாகத் தையல் போட்டால் வட்டம் விரிந்துகொண்டே போகும். நெஞ்சளவு வந்ததும் கைக்கான தையல்களை அப்படியே விட்டுவிட்டு, உடம்பை மட்டும் குழாய்போல் கீழே இறக்குவது. பிறகு மேலே போய்க் கைகள். எண்ணிக்கை பிசகினால் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கும். நான் நாற்பதுவரை எண்ணும்போது போன் அடிக்கும். பாய்ந்து எடுப்பேன். ரீலோட் சலுகை என்று ஒரு பெண் குரல் சிங்களத்தில் பேசும். மறுபடி ஒன்றிலிருந்து. நான்கு தடவை பிரித்து நான்கு தடவை பின்னினேன். போன் வராத நாளில் தையல் இறுகிக்கொண்டே போகும். பின்னியதைப் பார்த்தாலே நான் எந்த நாளில் எந்த லட்சணத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியும்.

ஒரு விஷயம் அந்தத் தண்ணித் தாங்கியில் எனக்குத் தெளிவாக இருந்தது. கூப்பிட வேண்டும் என்றும் கூப்பிடவே கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமி அதைக் கேட்கும்?

உடம்பு முடிந்து கையும் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அளவு பார்க்க நாத்தனார் மகளைக் கூப்பிட்டேன். அப்போதுதான் குளித்துவிட்டு அடுப்படியில் மெல்லிய சட்டையோடு நின்றிருந்தாள். தலைவழியே போட்டேன். ஜெர்சி ஒரு தோளில் நிற்காமல் வழுக்கி முழங்கைக்கு வந்தது. கீழே இடுப்பைத் தாண்டித் தொங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முடிச்சு போட்ட நூலை எடுத்து வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் பின்னியிருந்தேன்.

நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். "அண்ணி, நீங்க புள்ளைக்கு அளவெடுத்தீங்களா, ஜெர்சிக்கு அளவெடுத்தீங்களா?" அந்தக் காலையில் பிள்ளை யூனிபார்முக்கு மேல் ஒரு ஜெர்சியும், அதற்கு மேல் அவள் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த தடித்த கோட்டும் போட்டிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் மேலேயே நூலைச் சுற்றியிருக்கிறேன். கழற்றச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மழை மாதங்களில் எங்கள் பிள்ளைகளைக் கம்பளி இல்லாமல் யார் பார்த்திருக்கிறார்கள்? அவர்களின் உடம்பே அவ்வளவு பருமன் என்றுதான் கண்ணுக்குப் பழகியிருக்கிறது. வீட்டுக்காரர், "கூரை போடாட்டியும் பரவால்ல, இதுக்குள்ளயே குடியிருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பிரிக்க உட்கார்ந்தேன். கீழ் ஓரத்தின் முடிச்சை அவிழ்க்கும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "விடு. வளர்ற புள்ளதானே."

மறுநாள் போன் வந்தது. வெள்ளிக்கிழமை பயணம்.

பெட்டி கட்டுகிற அந்த மூன்று நாளும் மகள் என் பின்னாலேயே சுற்றினாள். எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க. இரண்டு வருடம் என்றால் அவளுக்கு என்ன தெரியும்? பொங்கல் வந்து, தீபாவளி வந்து என்று ஆரம்பித்தேன். "பொங்கல் நாளைக்கா?" என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கையில் கிடைத்தது அந்த ஜெர்சி. அவள்மேல் போட்டேன். தொடைவரை தொங்கியது, கை இருக்கிற இடமே தெரியவில்லை. "இந்தச் சட்ட உனக்குச் சரியாகிறப்ப அம்மா வந்துருவேன். போதுமா?" என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. நாத்தனார் மட்டும், "சின்னப் புள்ளகிட்ட அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி" என்றாள். அவளையும் ஏசிவிட்டேன்.

குவைத்தில் மேடம் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் பேச விடுவார். மூன்றாவது வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு, "உன் மக காலையிலேருந்து என்ன பண்றான்னு பாரு" என்று சிரித்துக்கொண்டே திருப்பினார்.

சிவப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்றாள். கச்சிதமாக இருந்தது. மூன்று வாரத்தில் எப்படி வளர்ந்துவிட்டாள்? பிறகுதான் கழுத்தைப் பார்த்தேன். சட்டைக் கொலர், அதற்கு மேல் பச்சை ஜெர்சி, அதற்கு மேல் நாத்தனார் மகளுடைய தடித்த கோட்டின் பட்டன். வீட்டிலிருந்த கம்பளி அத்தனையையும் உள்ளே போட்டிருந்தாள். கைகளைக் கீழே இறக்க முடியாமல் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

"அம்மா, பாருங்க. சரியாயிருச்சு. வாங்க."

வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் தலையிலிருந்து கால்வரை அவளைப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு இடம் சரியில்லாமல் இருக்க வேண்டும் என்று தேடினேன். நெஞ்சு சரியாக இருந்தது. தோள் சரியாக இருந்தது. வயிற்றில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"கையத் தூக்கிக் காட்டு பாப்பா" என்றேன்.

தூக்கினாள். ஜெர்சிக் கையின் நுனி காலியாகத் தொங்கியது.

"கை இன்னும் நீளமா இருக்கே."

அவள் அதைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து விரல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெளியே வரவில்லை. மற்றக் கையையும் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.