ஓடுதா என்று கேட்க வைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் தொழிலில் வரும் புகார்கள் இரண்டே இரண்டு: ஒன்று சூடாகிறது, இன்னொன்று கத்துகிறது. சூட்டைக் குறைக்க வேகமான ஃபேன் போட்டால் கத்தும். கத்தலைக் குறைத்தால் சூடாகும். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டனை அமுக்கியதும் தொட்டில் பிள்ளை விழித்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. என் கடை பெங்களூர் அடுகோடியில், லேத் பட்டறைகளுக்கு நடுவில். அந்தச் சந்தடியில் எந்த மெஷினும் பரம சாதுவாகத்தான் தெரியும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போன பிறகுதான் அதன் சுயரூபம் வெளிப்படும்.

மாவு மில்

காக்ஸ் டவுன் ரீட்டா டீச்சர் ரிட்டயர் ஆன பிறகு என்னிடம் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கியது ஒரே ஓர் ஆளுக்காக. அவருடைய சர்ச்சுக்கு வரும் ஆரோக்கியம் என்பவருக்குக் கண் பார்வை கிடையாது. ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். பாஸானால் பூத்தை விட்டு ஆபீஸில் நாற்காலி கிடைக்கும். ஒரு தடவை பெயிலாகிவிட்டார். அடுத்த பரீட்சையை விட்டால் அந்த நாற்காலி வேறு ஆளுக்குப் போய்விடும். டீச்சர் பாடங்களை மைக்கில் படித்து சிடியில் ஏற்றித் தருவார், அவர் ஹெட்போனில் கேட்டுப் படிப்பார். இதுதான் ஏற்பாடு.

முதல் சிடியைக் கேட்டுவிட்டு ஆரோக்கியம் டீச்சர் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பாடத்தோடு என் மெஷினின் இரைச்சலும் சிடியில் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டாலே தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றார். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கை பரபரத்தது. அதுவரை எல்லோரும் வேகம் கேட்டார்கள், மெமரி கேட்டார்கள். அமைதி கேட்டு ஒருவர் வந்தது அதுவே முதல் தடவை. ஆரோக்கியம் தயங்கித் தயங்கித்தான் விஷயத்துக்கு வந்தார்: "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. மாவு மில்லுல உக்காந்தா படிக்கிறீங்க?"

ஊதுபத்தி

அதே வாரம் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மெஷினை அசெம்பிள் செய்தது யாரோ. உள்ளே திறந்து பார்த்தால் பெட்டிக்கு மட்டும் இரண்டு ஃபேன். "எங்க ஆத்துல எனக்கே ஃபேன் கெடையாதுப்பா. பெங்களூர்ல எதுக்கு? இதுக்கு மட்டும் ரெண்டு சும்னே சுத்திண்டிருக்கு" என்றார், சும்மாவுக்குக் கன்னடத்தைப் போட்டு. எனக்கும் சந்தேகம் வந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. அவர்கள் பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியை வாங்கிக் கொளுத்தி, மெஷினை ஓடவிட்டு, முன்னாலும் பின்னாலும் காட்டினேன்.

இரண்டு பக்கமும் புகை உள்ளே போனது. இரண்டு ஃபேனும் காற்றை உள்ளே தள்ளி, நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் இருந்ததைத் திருப்பிப் போட்டேன், முன்னால் இருந்ததைக் கழற்றியே விட்டேன். சத்தம் பாதியானது, சூடும் குறைந்தது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்று அடைந்தேனா என்பதை வீட்டில் கேட்கக்கூடாது. ஊதுபத்தியோடு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆயுத பூஜைக்கு இன்னும் மாசம் இருக்கேப்பா. இப்பவே காட்டினா அன்னிக்கு என்ன பண்ணுவே?"

காதில் வைத்த ஃபேன்

டீச்சர் மெஷினுக்குத் தனியாக ஃபேன் தேடி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் எஸ்.பி. ரோடு போனேன். ஃபேனில் இரண்டு ஜாதி உண்டு. அச்சுக்கு வெறும் புஷ் போட்டது புதிதில் மூச்சே விடாது, வருஷம் திரும்புவதற்குள் கரகரக்கும். பால் பேரிங் போட்டது முதல் நாளே லேசாக முணுமுணுக்கும், ஆனால் கடைசி வரை அதே முணுமுணுப்புதான். எனக்கு முணுமுணுப்பிலேயே மிகச் சின்ன முணுமுணுப்பு வேண்டியிருந்தது. கடைக்காரர் கரண்ட் கொடுக்க, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைக்காரர் கன்னடக்காரர், பொறுமைசாலி. கடைசியில் அவருக்கே தாங்கவில்லை: "சார், அது ஃபேனு. அந்தப் பக்கம் யாரும் பேச மாட்டாங்க."

டியூப்

டீச்சர் மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்து ஃபேன் மாற்றியும், சாயங்காலம் லேத்துகள் ஓய்ந்த பிறகு கேட்டால் ஓர் உறுமல் மிச்சம் இருந்தது. விரலால் பெட்டியை அழுத்தினால் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. ஃபேனின் நடுக்கத்தைத் தகரம் வாங்கிக்கொண்டு கூடவே பாடுகிறது என்று புரிந்ததும் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். பஷீர் பாய் சைக்கிள் ரிப்பேர் செய்பவர். பழைய டியூப் வாங்கி, வளையம் வளையமாக வெட்டி, ஸ்குரூவுக்கும் தகரத்துக்கும் நடுவே கொடுத்தேன். உறுமல் போயே போய்விட்டது. மறுநாள் மற்ற மெஷின்களுக்கும் வேண்டும் என்று திரும்பவும் போய் நின்றேன். பஷீர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "க்யா பாபு, தெனம் டியூப் வாங்குறே. சைக்கிள் எங்கேப்பா?"

மரியாதை

ஃபேனுக்குப் போகும் கரண்டையும் கொஞ்சம் குறைத்து, மெதுவாகச் சுற்றவிட்டேன். டீச்சர் வீட்டில் மெஷின் பூனை போல நடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தலைகால் புரியாமை ஒரு வாரம் நீடித்தது. பிறகு டீச்சர் போன் செய்தார். ஒரு முழுப் பாடம் படித்து முடிக்கும் நேரத்தில் மெஷின் பட்டென்று அணைந்துவிட்டது, படித்தது எல்லாம் போச்சு. கடைக்குத் தூக்கி வந்து நாள் முழுக்க ஓடவிட்டேன். சாகவில்லை. சூட்டை உறிஞ்சும் கட்டையை மாற்றினேன், அதன் அடியில் இருக்கும் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன், பவர் சப்ளையை மாற்றினேன். டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போனதும் மறுபடி அணைந்தது. திரும்பத் திரும்ப அதே பாடத்தைப் படித்து டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சுற்றவிட்ட நான்தான் ஆரோக்கியத்தைக் கவிழ்க்கப் போகிறேன் என்று தோன்றியது.

ஒரு நாள் ஃப்ரேசர் டவுனில் வேலை முடிந்து, போன் செய்யாமல் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தேன். டீச்சர் மைக்கில் படித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் கம்ப்யூட்டரைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளைத் துணி, நாலு பக்கமும் லேஸ், நடுவில் ரோஜாப்பூ எம்பிராய்டரி. டி.வி.க்கும் மிக்சிக்கும் இருப்பது போலவே கம்ப்யூட்டருக்கும் உறை தைத்திருந்தார். ஓடும்போதும் அது மேலேயேதான் இருந்தது; உள்ளே கை வைத்தால் இட்லிப் பானை. இத்தனை தடவை வந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டேன். டீச்சர் அதற்கு ஆச்சரியப்பட்டார்: "நீங்க வர்றீங்கன்னா எடுத்து மடிச்சு வெச்சிருவேன் தம்பி. வீட்டுக்கு ஆள் வரும்போது மூடி வெச்சா மரியாதையா?"

ஓடுதா?

உறையைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் கையால் போட்ட ரோஜா. எங்கள் சந்து லேத்தில் பெட்டியின் பக்கத் தகட்டை வட்டமாக அறுத்து, சாசர் அகலத்தில் ஒரு பெரிய ஃபேனை டியூப் வளையத்தோடு மாட்டினேன். பெரிய ஃபேன் சோம்பேறியாகச் சுற்றினாலே போதும், சின்னது தலைதெறிக்கச் சுற்றித் தரும் காற்றை அது தந்துவிடும். டீச்சரும் தன் பங்குக்கு உறையில் அதே அளவு வட்டம் வெட்டி, பின்பக்கத்தைத் திறந்துவிட்டு, வட்டத்தைச் சுற்றியும் லேஸ் வைத்துத் தைத்தார். பெங்களூரில் ஜன்னலுக்குத் திரை வைத்த கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை போன். மெஷின் செத்துவிட்டது, எத்தனை தடவை பட்டனை அமுக்கியும் வரவில்லை. விழுந்தடித்துக்கொண்டு போனேன். பட்டனைத் தொட்டேன், ஓடியது. சத்தமே கேட்காததால் மெஷின் கிளம்பவில்லை என்று நினைத்து, மானிட்டரில் வெளிச்சம் வருவதற்குள் டீச்சர் மறுபடி மறுபடி அமுக்கி அணைத்திருக்கிறார். "இப்ப ஓடுதா?" என்று காதை வட்டத்தருகே கொண்டுபோய்க் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அன்று முதல் பரீட்சை வரை அது ஒரு தடவையும் அணையவில்லை.

பல மாதம் கழித்துக் கடைக்கு ஒரு போன். ஆரோக்கியம். பூத்திலிருந்து பேசவில்லை, பாஸாகி, மாடி ஆபீஸில் தன் மேஜையிலிருந்து பேசுவதாகச் சொன்னார். எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றும் கொடுத்திருக்கிறார்களாம். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். போனில் அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ ஓங்கி இரைந்துகொண்டிருந்தது. அவர் முந்திக்கொண்டார்: "சார், கேக்குதா? இங்கயும் ஒரு மாவு மில் இருக்கு. எப்ப வர்றீங்க?"

ஆக, எங்கள் தொழிலில் வேலை சுத்தமாக முடிந்தால் அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது, அடுத்த வேலைக்குக் கூப்பிடும் போன் மணியைத் தவிர.