ஐம்பது டிகிரி சவுனா

கிம்மோ ரவுதியோவுக்குக் கருத்து இல்லாத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் இருந்தால், அது அவன் இன்னும் கேள்விப்படாத விஷயமாகத்தான் இருக்கும். கைக்குள் அடங்காத போன் போனே இல்லை என்பான். பேட்டரியைக் கழற்ற முடியாதபடி ஒட்டி விற்கிறவனை என்ன செய்தாலும் தகும் என்பான். வீடியோ கேமில் செத்தால் முதலிலிருந்து ஆடவேண்டும், பாதியில் சேமித்து வைத்துக்கொண்டு ஆடுகிறவன் கோழை. வாரக் கடைசியில் சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்புகிற கம்பெனியில் ஒருத்தனுக்கும் குடும்பம் குட்டி கிடையாது. பேசுகிற ஃபிரிட்ஜ் வாங்குகிறவனுக்கு வீட்டில் பேச ஆளில்லை. இப்படி நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் மனைவி மின்னா காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள்.

பின்லாந்தின் ஔலு நகரத்தில் பாதிப் பேர் ஒரு காலத்தில் போன் தயாரிக்கிற வேலையில் இருந்தவர்கள். கிம்மோவும்தான். அந்த வேலை போனபிறகு ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜுகளின் குளிரை அளக்கிற கருவிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற சின்னக் கம்பெனி ஒன்றில் ஒட்டிக்கொண்டான். வேலை சுருங்கிவிட்டது, வாய் சுருங்கவில்லை. அதற்காகவே ஒரு வலைப்பூ வைத்திருந்தான். பெயர் ‘கேட்காத கருத்து’. தன்னையே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள அந்தப் பெயர். உண்மையில் ஒருவர் கூட மறுத்து எழுதினால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சவுனா, அதாவது கல்லைச் சூடாக்கி அந்தச் சூட்டில் உட்கார்ந்து வியர்த்துக் குளிக்கிற அறை. ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். யாருக்கு எந்த முறை என்று கதவிலேயே ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஏழு மணி முறைக்கு ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். யாராவது வீட்டை விற்கப் போகிறார்கள் என்றால், வாங்குகிறவன் யார் என்பதைவிட அந்த முறை யாருக்குப் போகும் என்பதுதான் மாடிப்படியில் பேச்சாக இருக்கும். அந்த முறை கிம்மோவிடம் இருந்தது.

கட்டிடத்தின் நிர்வாகக் குழுவில் அவனும் ஓர் ஆள். சவுனா அடுப்புக்கு வயதாகிவிட்டது, எப்போது காலை வாருமோ தெரியாது, ஒரு சென்சார் வைத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றான். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் அளக்கிற துக்கடாப் பெட்டி, கேமரா கூடக் கிடையாது. குழுவில் எல்லோரும் சரி என்று தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

பெட்டி வந்த நாளிலிருந்து கிம்மோவுக்கு அதுதான் பொழுதுபோக்கு. சூடான கல்லில் யாராவது தண்ணீர் ஊற்றினால் போனில் ஈரக்கோடு விருட்டென்று எழும்பும். கதவு திறந்தால் சூட்டுக்கோடு சரியும். ‘நாலாம் மாடிப் பையன்கள் பீர் எடுக்க வெளியே போகிறார்கள் பார்’ என்று மின்னாவிடம் காட்டுவான்.

“அடுத்தவங்க குளிக்கிறதை இப்படி உத்துப் பார்க்கறியே, உனக்கே நல்லா இருக்கா?” என்றாள் மின்னா.

“வெறும் கோடும்மா. கோட்டுக்கு என்ன மானம்?”

செவ்வாய்க்கிழமைக் கோடுதான் அவனை உறுத்தியது. மற்ற நாட்களில் எண்பது, தொண்ணூறு என்று ஏறுகிற சூடு அன்றைக்கு ஐம்பது டிகிரியைத் தொட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். ஈரக்கோடு அசையவே அசையாது. அதாவது, ஒரு மணி நேரம் முழுக்க யாரோ ஒருவர் கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றாமல் வெதுவெதுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பின்லாந்தில், அதுவும் பிப்ரவரியில்! கிம்மோ படி இறங்கிப் போய்க் கதவைப் பார்த்தான். செவ்வாய், புல்க்கினென் என்று இருந்தது.

ஆர்னே புல்க்கினென் முதல் மாடிக்காரர், காகிதக்கூழ் ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் கட்டிடத்து ஆண்கள் சேர்ந்து குளிக்கிற சனிக்கிழமைப் பொது முறையில், சூடு அதிகமான மேல்பலகையில் முழங்கால் மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராய் நழுவினாலும் அவர் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றுவார். ஒரு முறை கிம்மோதான் முதலில் எழுந்து ஓடினான். கதவை மூடுவதற்குள் ஆர்னேயின் குரல் கேட்டது. “போன்காரன் உருகிட்டான்டா! யாராவது துடைச்சு எடுங்கப்பா!” உள்ளே கொல்லென்று சிரிப்பு. கிம்மோவும் சிரித்துக்கொண்டேதான் துண்டைச் சுற்றினான். அதற்குப் பிறகு ஆண்கள் முறைக்கு அவன் போனதில்லை. நேரம் ஒத்துவரவில்லை என்று மின்னாவிடம் சொல்லிவைத்தான்.

இப்போது அந்த ஆர்னேக்கு ஐம்பது டிகிரி! கிம்மோவுக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. அந்த வாரம் புதுப் போன் எதுவும் வராமல் எழுத விஷயமில்லாமல் வேறு இருந்தது. உட்கார்ந்தான், எழுதினான். தலைப்பு, ‘எங்கள் கட்டிடத்தின் செவ்வாய்க்கிழமை மர்மம்’. கோட்டுப் படத்தையும் போட்டான். ‘ஐம்பது டிகிரி என்பது சவுனா இல்லை, ரொட்டி மாவு பொங்கவைக்கிற இடம். ஒரு காலத்தில் வீராப்புப் பேசியவர்கள் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மாவு பிசைகிறார்களோ என்னவோ’ என்று முடித்தான். பெயர் போடவில்லை. பெயர் போடவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். நாடு முழுக்கப் பகிர்ந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கவேண்டும் என்றார் ஒருவர். ஆள் ஸ்வீடன்காரனாகத்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். கட்டிடத்து வாட்ஸ்அப் குழுவிலும் யாரோ போட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. கிம்மோ வேலைநேரத்தில் கூட எடுத்து எடுத்துப் பார்த்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோடு எழும்பவே இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பிறகு அந்த முறைக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடியின் பெயர் ஏறியது. இனி அந்த ஒரு மணி நேரமாவது வீணாகாது என்று நினைத்தான் கிம்மோ.

மே மாதம் பனி உருகிக் கட்டிடத்தார் எல்லோரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்கிற நாள் வந்தது. குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கத் தெருவில் கொட்டிய சரளையைப் பெருக்கி, பழைய இலைகளை வாரி, கடைசியில் சாசேஜ் சுட்டுக் காபி குடித்துக் கலைவார்கள். ஆர்னேயின் மனைவி பிர்க்கோ தனியாக வந்திருந்தாள். கையில் வாருகோல், முகத்தில் ஒன்றுமில்லை.

“என்ன பிர்க்கோ, ஆர்னே எங்கே? மாவு இன்னும் பொங்கலையா?” என்றான் மூன்றாம் மாடி ஒஸ்மோ.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாயில் சாசேஜோடு கிம்மோவும் சிரித்தான். பிர்க்கோ வாருகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நேராக அவனிடம் வந்தாள்.

“கிம்மோ, ஒரு நிமிஷம் இப்படி வா.”

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“ஆர்னேக்கு நவம்பர்ல பக்கவாதம் வந்துச்சு. வலப்பக்கம் விழுந்துபோச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார். முதுகுவலின்னு சொல்லிச் சமாளிச்சேன். லிஃப்ட் நேரா அடித்தளத்துக்குப் போகுதில்ல, ஒருத்தர் கண்ணுலயும் படாம கூட்டிட்டுப் போவேன். டாக்டர் சூடு ஆகாதுன்னுட்டார். அவரானா சவுனா இல்லாம இருக்கமாட்டேன்னு அடம். கெஞ்சிக் கூத்தாடி ஐம்பதுக்கு ஒத்துக்க வச்சேன். கீழ்ப்பலகையில உட்கார வச்சுத்தான் குளிப்பாட்டுவேன். வீட்டுல என்னைத் தொடவே விடமாட்டார் கிம்மோ. அங்க மட்டும்தான் விட்டார். அங்க மட்டும்தான் நாலு வார்த்தை பேசவும் செஞ்சார்.”

கிம்மோவின் கையில் இருந்த காகிதத்தட்டு சாய்ந்து கடுகு சாஸ் சட்டையில் வழிந்தது.

“நீ எழுதினதை எங்க பொண்ணுதான் தம்பெரேலேருந்து அவருக்கு அனுப்பினா. அவளுக்குச் சீக்குத் தெரியும், எத்தனை டிகிரின்னு எங்க தெரியும்? ‘அப்பா, இது உங்க கட்டிடம்தானே, படிச்சுச் சிரிங்க’ன்னு அனுப்பினா. பாவம், அவரைச் சிரிக்க வைக்கலாம்னு. மனுஷன் ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சார். முறையைத் திருப்பிக் குடுத்துடுன்னார். அவ்வளவுதான். இப்ப ஈரத்துணியால துடைச்சு விடறேன், சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கார்.” மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள். “உன்னைத் திட்ட வரல. நீ தெரியாமதான் எழுதியிருப்பே. அவர்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். அது நம்ம முறைன்னு கிம்மோவுக்கு எப்படித் தெரியும், ஏதோ கோட்டைப் பார்த்து எழுதிட்டான்னு.”

கிம்மோ ஆமாம் என்று தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டல்தான் பிறகு அவனைத் தூங்கவிடாமல் அடித்தது. எழுதியதாவது ஒரு பொறாமை, ஒரு திமிர். இது எதில் சேர்த்தி? வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை அழித்தான். அழித்து என்ன? நூறு இடத்தில் நகல் இருந்தது. அடித்தளத்துக்குப் போய்ச் சென்சாரைத் திருகி எடுத்தான். புதிதாகக் குடிவந்த பெண்ணின் ஹேர்ப்பின் ஒன்று பெஞ்சில் கிடந்தது. அதைப் பார்க்கக்கூடக் கூச்சமாக இருந்தது. மேலே வந்து மின்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், கதவில் போய்ப் பெயர் பார்த்ததையும் சேர்த்து.

“மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு எழுதலாம்னு இருக்கேன்” என்றான்.

மின்னா பின்னலை மடியில் வைத்தாள். “அதையும் எழுதப் போறியா? அதையும் எல்லாரும் படிச்சு, கிம்மோ எவ்வளவு நல்லவன்னு சொல்லணுமா?”

அவன் காது மடல் வரை சூடேறியது.

“ஒரு மாடி இறங்கினா அவங்க வீடு. போ” என்றாள் மின்னா.

பிர்க்கோ கதவைத் திறந்தாள். கேட்காமலே காபிக்கு அடுப்பை மூட்டினாள். ஆர்னே சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அந்த அகன்ற தோள் இறங்கிப்போயிருந்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தது.

“ஆர்னே, நான் எழுதினது தப்பு. மன்னிச்சுடுங்க.”

ஆர்னே அவனைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“தெரியுமா?”

“என்ன?”

“நான்தான்னு. தெரியுமா?”

“அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று பிர்க்கோ குறுக்கே வந்தாள். “எத்தனை தடவை சொன்னேன் உங்ககிட்ட!”

பொய்யைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தது போல இருந்தது. வாங்கிக்கொண்டு போயிருந்தால் மூன்று பேருக்கும் சுலபம். கிம்மோவின் நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது.

“தெரியும்” என்றான். “கதவுல போய்ப் பார்த்தேன். நீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் எழுதினேன்.”

பிர்க்கோ கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். “அன்னைக்குத் தலையாட்டினியே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

ஆர்னே இடது கையால் மேசையைத் தட்டினார்.

“நானும் சிரிச்சிருக்கேன். உன்னை. நேரா. மூஞ்சிக்கு நேரா.” மூச்சு வாங்கினார். “நீயும் சிரி. இப்ப. இங்க. பார்க்கறேன்.”

கிம்மோ நின்றான். ஆர்னே அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐம்பது வயது ஆகப்போகிற மனிதன் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். இந்த மனிதரைப் பார்க்காமலே அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் சிரிக்க முடிந்தவனுக்கு, பார்த்துக்கொண்டு ஒரு தரம் சிரிக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கக்கூட வெட்கமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை ஏழு மணி முறை உங்களுக்கு” என்றான் ஒருவழியாக. “நிர்வாகத்துல மாத்திடறேன். சென்சாரைக் கழட்டிட்டேன். உள்ளே எத்தனை டிகிரின்னு இனிமே யாருக்கும் தெரியாது.”

“உனக்கு?”

“எனக்கும் தெரியாது.”

ஆர்னே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிர்க்கோ போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். ஊற்றிய காபி மேசையில் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு மணிக்குக் கிம்மோ சோபாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்கள் கீழே போனார்களா, அந்த மனிதர் குளித்தாரா, இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறாரா? அவனுக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. பெருவிரல் தன்னால் அந்தப் பழைய இடத்தைத் தொட்டது. திரையில் ஒரு கோடும் இல்லை. ஏழரை ஆனது. எட்டு ஆனது. இறங்கிப் போய்ப் பார்க்கலாம், குப்பை கொட்டப் போகிற சாக்கில். எழுந்தான், உட்கார்ந்தான்.

குப்பையை மின்னாதான் கொண்டுபோனாள். திரும்பிவந்து காலணியைக் கழற்றும்போது அவள் முகத்தில் ஏதோ இருந்தது.

“லிஃப்ட்ல யாரைப் பார்த்தேன் தெரியுமா?” என்றாள். “தலையெல்லாம் ஈரமா…”

“சொல்லாதே, மின்னா” என்றான் கிம்மோ.

“ஏன்? நீ தெரிஞ்சுக்க வேணாமா?”

வேண்டும். அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு எதையும் அவன் அவ்வளவு தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஆனால் தெரிந்துகொள்வதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தபோது தலை நிமிரவில்லை.

“வேணாம்” என்றான். “அது அவங்க விஷயம்.”