லிஃப்ட்காரர் மாட்டிக்கொண்ட மலை

என் அக்கா புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் எந்தக் கட்டடத்தில் எவர் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்தினாலும் அத்தானுடைய போன்தான் அடிக்கும். சாப்பாட்டில் கை வைத்திருப்பார், அடிக்கும். தலைக்குச் சோப்புப் போட்டிருப்பார், அடிக்கும். "கதவ நோண்டாதீங்க, மேல ஏறாதீங்க, மணிய அடிச்சிட்டு சும்மா உக்காருங்க, ஆள் வரும்" என்று மந்திரம் மாதிரி ஒப்பித்துவிட்டு, ஈரத்தலையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சினிமாவில் கதாநாயகன் லிஃப்ட் கூரையைத் தள்ளித் திறந்து தப்பிக்கிற காட்சி வந்தால் டிவியை அணைத்துவிடுவார். "இவன மாதிரி ஆளுங்களாலதான் என் பொழப்பு நாறுது" என்பார்.

அக்கா வீட்டிலேயே தலையணை தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அவர் பாதியில் விட்டுப் போன தட்டை மூடி வைப்பாள். தைப்பாள். திரும்பி வந்தால் சூடு பண்ணுவாள், வராவிட்டால் இன்னொரு தலையணை தைப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊருக்குப் போய் நான் பார்த்ததில்லை. போன் அடிக்குமே!

குளிர்காலத்தில் ஒரு முறை மட்டும் அத்தான் எல்லாவற்றையும் உதறிவிட்டு மலையேறப் போவார். எங்கள் மாநிலத்திலேயே உயரமான இடம் அது. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பக்கத்து மாநிலத்து மலைகள் அதைத் தம்பி என்றுகூடக் கூப்பிடாது. உச்சியில் ஒரு கல்தூண், அதில் உயரம் வெட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மேலே சிக்னல் கிடையாது. பனிக்காலத்தில் மனுஷ நடமாட்டமும் கிடையாது. "அங்க என்னை யாரும் கூப்பிட முடியாது மச்சான்" என்று சொர்க்கத்துக்குப் போய் வந்தவர் போலச் சொல்வார்.

நான் செருப்புக் கடையில் விற்பனையாள். மலையேறும் பூட்ஸை எத்தனையோ பேர் காலில் மாட்டிவிட்டிருக்கிறேன், நான் மாட்டியதில்லை. இந்த வருஷம் அவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார். நச்சரித்தார். கடையில் லீவும் கிடைத்துத் தொலைத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அடிவாரத்தில் காவல் சாவடி இருக்கிறது. பனி எச்சரிக்கை இருந்ததால் அத்தான் அந்தப் பக்கமே போகவில்லை, பின்பக்கக் காட்டுவழியில் ஏறினார். "சாவடியில நின்னா பேரு கேப்பான், ஊரு கேப்பான், கடைசியில போகாதேம்பான். எதுக்கு வம்பு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மத்தியானத்துக்கு மேல் பனி கொட்ட ஆரம்பித்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கல் குடில் உண்டு. தகரக் கூரை, கம்பி போட்ட சின்ன ஜன்னல், உள்ளே ஒரு மரப் பெஞ்சு. விழுந்தடித்து அதற்குள் போய்ப் படுத்தோம்.

காலையில் கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. கூரையிலிருந்து சரிந்த பனியும் காற்று அடித்துக் குவித்த பனியும் சேர்ந்து அதன் மேல் இறுகிக் கிடந்தன. நான் தோளால் முட்டினேன். உதைத்தேன். தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியேயும் வெள்ளைதான். பகல் என்பதே ஒரு சாம்பல் கசிவாகத்தான் உள்ளே வந்தது.

"எதுக்குடா இப்பிடித் துள்ற? உக்காரு" என்றார் அத்தான். அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. "மாட்டிக்கிட்டவன் பண்ற மொதல் தப்பே இதுதான். கதவப் போட்டு நோண்டி, தெம்ப எல்லாம் விட்டுட்டு, அப்பறம் மயங்கி விழுவான். உக்காரு. ஆள் வரும்."

அனுபவஸ்தர் சொல்கிறாரே என்று உட்கார்ந்தேன். பிஸ்கட்டைப் பங்கு போட்டார். கால் விரலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். லிஃப்டில் மாட்டியவர்களின் கதைகளாகச் சொன்னார். காற்றுத் தீர்ந்துவிடுமா என்று எல்லாரும் கேட்பார்களாம், கேட்காத ஆளே கிடையாதாம். ஒரு வக்கீல் போனிலேயே உயில் சொன்னாராம். அவர் சிரிக்க, நானும் சிரித்தேன். கொண்டுபோன சின்ன ஸ்டவ்வில் எரிவாயு தீர்ந்துபோயிற்று. குளிர் தரையிலிருந்து ஏறி முழங்காலைப் பிடித்தது. கூரைத் தகரம் பனிக் கனத்தில் முனகிக்கொண்டே இருந்தது. அந்த அறையில் நான்கு எட்டு வைத்தால் சுவர், திரும்பினால் சுவர். நான் நடப்பதை நிறுத்தினேன், நடக்க நடக்க அறை சின்னதாகிற மாதிரி இருந்தது.

பொழுது உச்சிக்கு வந்திருக்கும். நான்தான் கேட்டேன்.

"ஆள் வரும், ஆள் வரும்னு சொல்றீங்களே அத்தான், யார் வருவாங்க?"

அவர் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். வாழ்நாள் முழுக்க அந்த ஆள் அவர்தானே! வெளியே இருந்துகொண்டு சொன்ன விதியை உள்ளே உட்கார்ந்து அரை நாள் கடைப்பிடித்திருக்கிறார் மனுஷன். மணி அடிக்காமலே ஆள் வருமென்று நம்பியிருக்கிறார்.

"சாவடியில நாம சொல்லல" என்றார் மெதுவாக.

"அக்காவுக்குத் தெரியும்ல? நாளைக்குத் திரும்பலன்னா அவ தேடுவா."

அத்தான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். நன்றாகத்தான் கட்டியிருந்தது.

"அவளுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"பக்கத்து ஊர்ல புது லிஃப்ட் மாட்டுற வேலை, ஒரு வாரம் ஆகும், ஒத்தாசைக்கு உன் தம்பியக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

ஒரு வாரம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று என்னையும் சேர்த்தல்லவா மறைத்திருக்கிறார். "எதுக்கு? எதுக்குப் பொய்?" என்று கத்தினேன். கத்தியது எனக்கே திரும்பி வந்தது.

"அவ இந்த வருஷம் நானும் வரேன்னா. பையெல்லாம் எடுத்து வெச்சிட்டா." அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "வருஷம் பூரா யாராவது கூப்டுக்கிட்டே இருக்காங்க மச்சான். ரெண்டு நாள், ரெண்டே நாள், என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும். அவ்வளவுதான்."

"அக்கா யாராவதா?"

அவர் பூட்ஸ் கயிற்றை மறுபடி அவிழ்த்தார். மனதுக்குள் அக்காவின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பை எப்படி அடுக்குவாள் என்று எனக்குத் தெரியும். அதை மறுபடி பிரித்து, மடித்து வைத்ததையெல்லாம் அலமாரியில் வைத்திருப்பாள், முணுமுணுப்புக்கூட இல்லாமல். அந்தக் குளிரிலும் எனக்குக் காது சுட்டது. செத்தாலும் இந்த ஆளோடு சாகக் கூடாது என்று தோன்றியது.

அத்தான்தான் முதலில் எழுந்தார். பெஞ்சின் மேல் ஏறினார். எங்கே போனாலும் சட்டைப் பையில் இருக்கும் ஸ்பேனரை எடுத்து, கூரைத் தகரத்தைப் பிடித்திருந்த நட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கூரையத் தொறக்கக் கூடாதும்பீங்களே."

"வாய மூடிக்கிட்டு டார்ச்சப் பிடி."

ஊருக்குத்தான் உபதேசம். தகரத்தின் ஒரு மூலையை வளைத்ததும் பனி மொத்தமாக அவர் கழுத்துக்குள் இறங்கியது. திட்டிக்கொண்டே கையால் தள்ளித் தள்ளி ஒரு பொந்து போட்டார். தலையை விட்டார், தோளை விட்டார், தொப்பையில் நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கூரையின் இரண்டு கட்டைக்கு நடுவில் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. வேறு நாளாக இருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கால்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இழுத்தேன். கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, விழுந்தபடியே சொன்னார்.

"நீதான் போகணும்."

நான் குச்சி மாதிரி இருப்பேன், எனக்கு அந்தப் பொந்து போதும். அவருடைய கையுறையையும் எனக்கே மாட்டிவிட்டார். வந்த வழியில் இறங்காதே, முகட்டைப் பிடித்துக்கொண்டு சாவடிப் பக்கம் இறங்கு என்றார். பெஞ்சின் மேல் நின்று என் காலைத் தோளில் தாங்கித் தூக்கிவிட்டார். வெளியே வெயில் அடித்தது, பனி நின்றிருந்தது. திரும்பிப் பொந்துக்குள் பார்த்தேன். அண்ணாந்த முகம் மட்டும் தெரிந்தது.

"மச்சான், தகரத்த முழுசா மூடிடாத. காத்து வேணும்ல?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. பயம்தான் மிஞ்சியது.

இறங்கிய கதையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பாதித் தூரம் உட்கார்ந்தே வந்தேன். அழுதுகொண்டுதான் வந்தேன், அதிலென்ன வெட்கம்? ஒரு திருப்பத்தில் போன் உயிர் பெற்றது. அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அது நின்றது.

"உயிரோட இருக்காரா?"

"இருக்காருக்கா."

"நீ?"

"நானும் இருக்கேன்."

"சாவடிக்காரங்ககிட்ட சொல்லு. நான் வரேன்."

"நீ வந்து என்னக்கா பண்ணப் போற?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

சாவடிக்காரர்கள் இருட்டில் ஏற முடியாது, விடியட்டும் என்றார்கள். கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. விடியும்போது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். அத்தானுடைய பழைய பூட்ஸ் காலில். இரண்டு அளவு பெரிசு, விற்பனையாள் கண்ணுக்கு உடனே தெரிந்தது. குதிகாலில் தலையணைப் பஞ்சைத் திணித்திருந்தாள். சாவடிக்காரர்கள் அவளைக் கீழேயே இருக்கச் சொன்னார்கள். அவள் அவர்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பின்னால் ஏறினேன். பை ஒன்று வைத்திருந்தாள், என்னிடம்கூடத் தரவில்லை.

குடிலுக்கு வந்து கூப்பிட்டோம். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டோம். அக்கா மண்வெட்டிக்குக் காத்திராமல் வெறுங்கையால் பனியைத் தோண்ட ஆரம்பித்தாள். இரண்டு பேர் சேர்ந்து வெட்டிக் கதவை இழுத்தார்கள். அத்தான் எங்கள் இரண்டு ஸ்லீப்பிங் பேக்கையும் போர்த்துக்கொண்டு மூலையில் குறுகியிருந்தார். உதடு கறுத்திருந்தது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார். முதலில் அவருக்கு யாரென்று தெரியவில்லை. தெரிந்ததும் குழந்தை மாதிரி அழுதார்.

"யாருமே வரமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அக்கா பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, டீயை ஊதி ஊதிக் குடிக்க வைத்தாள். கையைத் தேய்த்தாள். சாவடிக்காரர் கால் விரல்களை அழுத்திப் பார்த்து, ஒன்றும் போகவில்லை, வெயில் கொஞ்சம் ஏறட்டும், கைத்தாங்கலாக இறக்கிவிடலாம் என்றார். அக்கா தலையாட்டினாள். அத்தான் அவள் முகத்தையே பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தார், நானும்தான். வரவில்லை. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, பஞ்சைச் சரியாக அமுக்கி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"உச்சி எந்தப் பக்கங்க?" என்று சாவடிக்காரரிடம் கேட்டாள்.

அவர் கை காட்டினார். "பக்கம்தாம்மா. அந்தத் தூண் தெரியுது பாருங்க."

"இரு, நானும் வரேன்" என்று அத்தான் எழ முயன்றார். கால் நிற்கவில்லை.

"நீங்க உக்காருங்க. நான் பாத்துட்டு வரேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவள் வெளியே போனாள். பனி நொறுங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் கதவைச் சாத்தப் போனேன், குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. சாத்தாதே என்றார் அத்தான். டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"இப்பத்தான போனா."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார்.