எட்மண்ட் கதவைத் தட்டுகிறார்

இரண்டு தட்டு, சிறு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. கதவு அகலத் திறந்துதான் கிடக்கிறது. இருந்தாலும் தட்டிவிட்டு நடைபாதையில் விறைப்பாக நிற்கிறார் எட்மண்ட். மேலே முழுக்கைச் சட்டையும் டையும். இடுப்பில் கைலிபோலக் கட்டம் போட்ட சாரோங். "மே ஐ கம் இன், சார்?" உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மனைவி அற்புதமேரி, "உங்க வீடுதானே, வாங்க லா!" என்கிறார். பக்கத்து வீட்டுச் சீன மாது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். எட்மண்டுக்குத் திருப்தியில்லை. வெளியே போய் மறுபடியும் தட்டுகிறார்.

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் மாடியில், எண்பத்தைந்தாம் வருஷம் மே மாதத்திலிருந்து இப்படித்தான் பொழுது விடிந்தது. ஆள் உள்ளே நுழைகிற விதத்திலேயே பாதி இன்டர்வியூ முடிந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம்.

ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராமராக இருந்தவர் எட்மண்ட். ஐந்து வருஷ வேலை, குளுகுளு அறை, நல்ல பெயர். சம்பளம் மட்டும் நகரவில்லை. ஷென்டன் வேயில் ஒரு வெளிநாட்டு வங்கி இதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். கூப்பிட்டார்கள். இரவு ஷிப்டு முடித்த கையோடு போனவரிடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்களாம். "எனக்கே என்னப் பத்தி ஒண்ணும் ஞாபகம் வரல, சார். பேரையே சட்டைப்பையில இருந்த பாஸைப் பாத்துத்தான் சொன்னேன்" என்றார் என்னிடம். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். இது அரைகுறையாகச் செய்கிற காரியமில்லை. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் உட்கார்ந்து படித்தால்தான் ஆகும். மறுமாதம் ராஜினாமா.

அந்தச் சமயம் பார்த்து அற்புதமேரிக்கு நாள் தள்ளிப்போனது. டெலிபோன் ஆபரேட்டரான அவருடைய சம்பளத்தில்தான் வீடு ஓடியாக வேண்டும். "பிள்ள பொறக்கிறதுக்குள்ள வேலையில இருப்பேன்" என்று எட்மண்ட் வாக்குக் கொடுத்தார். ஜனவரியில் பிள்ளை.

கேள்வி கேட்கும் அதிகாரியாக அவர் நியமித்தது என்னை. நான் தமிழ் வாத்தியார். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது இருக்கிற அறையில் ஏசி உண்டு என்பதுதான். ஆனாலும் பள்ளிவிட்டு வந்ததும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு உட்காருவேன். என் மாணவர்கள் கேள்வி கேட்டால் வாயே திறக்கமாட்டார்கள். இவர் நான் கேட்பதற்குள் பதிலைச் சொல்லி முடித்துவிடுவார். "உங்களிடம் உள்ள குறை என்ன?" என்றால், "அளவுக்கு மீறி உழைப்பது" என்று ஆங்கிலத்தில் கணீரென்று வரும். அடுப்படியிலிருந்து அற்புதமேரி, "பொய் சொன்னா வாய் வெந்துபோகும். குளிச்ச துண்டக்கூட எடுத்துப் போடமாட்டாரு" என்பார். எட்மண்ட் என் பக்கம் குனிந்து, "சம்பளமே இல்லாம ஃபுல்டைம் வேல பாக்கிற ஒரே முட்டாள் நான்தான் சார். டாக்டர்கிட்ட ஒரு எம்.சி. வாங்கி லீவு போட முடியுதா பாருங்க" என்பார். அவரை யாரும் திட்டுவதற்கு முன்னால் அவரே திட்டிக்கொண்டுவிடுவார். நமக்கு மிச்சம் வைக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சேர்ந்து போகும் தமிழ்ப் பூசையில்தான் மாட்டிக்கொண்டார். தோ பாயோவில் இளைய மகனோடு இருக்கும் அவருடைய தாயார் அல்போன்சம்மாள், மன்றாட்டு வாசிப்பவரிடம் போய்க் காதில் ஏதோ போட்டிருக்கிறார். "வேலையிழந்து தவிக்கும் எங்கள் சகோதரர் எட்மண்டுக்காக..." என்று ஒலிபெருக்கி முழங்கியது. கோயிலே திரண்டு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பழக்கதோஷத்தில் எட்மண்டும் சேர்ந்து சொல்லிவிட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரே அனுதாபக் கூட்டம். கப்பல் பட்டறையில் ஸ்டோர் பார்க்கும் மரியஅந்தோணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே வா தம்பி, பெட்டி எண்ணுற வேலதான், சூப்பர்வைசர் நம்மாளு" என்றார். எட்மண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அண்ணே, நான் வேல போனவன் இல்ல, வேலய விட்டவன்!"

"இருக்கட்டும் தம்பி, மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார் மரியஅந்தோணி. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அற்புதமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும்தான்.

அந்த வருஷம் நாடே படுத்துவிட்டது. கம்பெனிகள் ஆளைக் குறைக்க ஆரம்பித்தன. செப்டம்பரில் வங்கி மறுபடி கூப்பிட்டது. எட்மண்ட் சாரோங்கைக் கழற்றிவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து நடைபாதையில் என்னைப் பார்த்ததும், "ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ், சார்! பதில் எல்லாம் பிரமாதம்னு கை குடுத்தாங்க. இந்த வருஷம் யாரையும் எடுக்கலயாம், அது ஒண்ணுதான் குறை" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விண்ணப்பித்த மற்ற இடங்களிலிருந்து பதிலே வரவில்லை.

நவம்பர் கடைசியில் பழைய மேனேஜர் மிஸ்டர் டான் வீட்டுக்கே போன் செய்தார். ஓர் இடம் காலி, திரும்பி வரலாம். சம்பளம் பழையதைவிடக் குறைவு. தலைமை அலுவலகத்தின் சட்டப்படி புது ஆள்போல இன்டர்வியூவுக்கும் வர வேண்டும்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது சார்? ஃபேர்வெல்ல பெரிய ஸ்பீச் எல்லாம் குடுத்துட்டு வந்தேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றார் எட்மண்ட்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருக்கிற மூஞ்சியத்தான்! வேற மூஞ்சி வாங்கி வச்சிருக்கீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அற்புதமேரி கத்தவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "பிள்ளையோட அப்பாவுக்கு என்ன வேலன்னு கேட்டாங்க. கதவு தட்டுறாருன்னா சொல்லமுடியும்?" என்று சிரிக்கப் பார்த்தார், குரல் உடைந்துவிட்டது. "எனக்கு பேங்க் எல்லாம் வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு." எட்மண்ட் எழுந்து போய் மிஸ்டர் டானுக்குப் போன் போட்டார்.

அந்த இன்டர்வியூவை இன்றைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறார். "எல்லாக் கேள்விக்கும் பதில் வச்சிருந்தேன் சார். மிஸ்டர் டான் ஃபாரத்தப் பாத்து, 'பழைய கம்பெனிய ஏன் விட்டீங்க?'ன்னு கேட்டாரு. பழைய கம்பெனியே எதிர்ல ஒக்காந்து கேக்குது! தெரியாத்தனமா விட்டுட்டேன் சார்னேன். இத்தன மாசம் படிச்சதுல இந்தப் பதில மட்டும் படிக்கல."

வேலைக்குத் திரும்பும் நாள் என் பள்ளியின் டிசம்பர் விடுமுறையில் வந்தது. "தனியாப் போகக் கால் வரல, கூட வாங்க சார்" என்றார். நானும் போனேன். பஸ்ஸில் மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே போனதும் தட்டச்சுச் சத்தம் நின்றது. பத்திருபது தலைகள் நிமிர்ந்தன. சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். கழுத்து வரைக்கும் சிவந்துபோன எட்மண்ட் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே தம் பழைய மேசைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு சுவர்க்கடிகாரம். கீழே பித்தளைத் தகட்டில், 'பிரிந்து செல்லும் எட்மண்டுக்கு, சக ஊழியர்களின் அன்பளிப்பு' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

மேசைக்கு மேல் தொங்கிய காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். நாற்காலியில் ஏறி, அந்த ஆணியில் கடிகாரத்தை மாட்டி, தகடு எல்லோருக்கும் தெரிகிறாற்போல் கைக்குட்டையால் துடைத்துவிட்டு இறங்கினார்.