முதல் சவாரிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

கார் ஏற்றிப்போகும் வண்டி வாங்கி, இன்று முதல் சவாரி. கிளட்சும் ஹேண்ட் பிரேக்கும் போன காரை விழுப்புரத்தில் ஏற்றி, திண்டிவனத்தில் இறக்க வேண்டும்.

கார்க்காரர் காரைவிட்டு இறங்கவில்லை.

"முன்னால வந்து ஒக்காருங்க சார்."

"நீங்க தொழிலுக்குப் புதுசு. நான் என் வண்டிலயே ஒக்காந்துக்கினு வர்றேன்."

முதல் கிராக்கியோடு சண்டை எதற்கு? பின்சக்கரத்துக்கும் முட்டுக்கட்டைக்கும் நடுவில் ராசிக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, காரைக் கட்டிய பெல்ட்டை இறுக்கிக் கிளம்பினேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் மேலே காரிலிருந்து ஹாரன். நான் லாரியை முந்தினால் ஹாரன், பஸ் என்னை முந்தினால் ஹாரன். எனக்கு எரிச்சல் ஏறியது. அடுத்த ஹாரன் நிற்கவே இல்லை. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஓரங்கட்டினேன்.

பழம் நசுங்கி, அந்த இடைவெளியில் கார் பின்னால் நகர்ந்து, பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. அவர் பிரேக்கை மிதித்தபடி அசையாமல் இருந்தார்.

"காலை எடுத்தா பூடும்" என்றார் மெதுவாக.

கட்டையைச் சக்கரத்தோடு ஒட்ட அடித்து, பெல்ட்டை மறுபடி முறுக்கினேன்.

திண்டிவனத்தில் இறங்கியவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"நல்லவேளை பழம் வச்சீங்க. அதான் காப்பாத்திச்சி."

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன்.

நாளை அடுத்த சவாரி. பழத்தை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.